ஒரு சோடிச் சப்பாத்து எப்போது நினைவாக மாறுகிறது?

எங்கள் ஊரில் இறப்பர் செருப்புக்குப் பெயர் 'பாட்டா'. எந்தக் கம்பனி செய்திருந்தாலும் அது பாட்டாதான். "பாட்டாவைக் கழட்டி வெளியில வை" என்று சொல்லும் அம்மாமார் யாரும் அந்தப் பெயர் செக் நாட்டுக் குடும்பம் ஒன்றினுடையது என்று யோசிப்பதில்லை. ஒரு பொருள் மக்களுடைய வாழ்க்கைக்குள் ஆழமாகப் போய்விட்டால், அதன் பெயர் கம்பனியின் கையைவிட்டுப் போய்விடுகிறது.

சில மாதங்களுக்கு முன்பு கிளிநொச்சியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வாசலில் நின்றிருந்தேன். வெளியே கழற்றி வைத்திருந்த சப்பாத்துகளில் நான்கைந்து சோடிகளில் ஒரே உருவம். கால்களை அகல விரித்து, ஒரு கையில் பந்தோடு அந்தரத்தில் நிற்கும் மனிதன். எல்லாமே பிரதிகள், சந்தையில் வாங்கியவை. ஒரு பையனிடம் அந்த மனிதன் யார் என்று கேட்டேன். "ஆரெண்டு தெரியாது அக்கா. ஆனா இது ஜோர்டான்" என்றான்.

அவன் பிறப்பதற்கு முன்பே மைக்கல் ஜோர்டான் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவன் அவருடைய ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கூடைப்பந்தைவிடக் கரப்பந்தும் உதைபந்தும் கிரிக்கெட்டும்தான் அதிகம் விளையாடுகிறார்கள். அப்படியிருந்தும் 1980களில் அமெரிக்காவில் ஒரு விளையாட்டுக்காகச் செய்த சப்பாத்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான சப்பாத்துகள் வந்து மறைந்துபோக, சில மட்டும் ஏன் நிலைத்து நிற்கின்றன? விளம்பரம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் பெரும் விளம்பரத்தோடு வந்து அடுத்த ஆண்டே மறக்கப்பட்டவையும் நிறைய உண்டு.

கன்வஸ் துணியும் ஒரு விற்பனையாளரும்

கூடைப்பந்து 1891 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தது. குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் விளையாடுவதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் அதை உருவாக்கினார். மர நிலத்தில் ஓடித் திரும்புவதற்கு வழுக்காத அடிப்பாகம் தேவைப்பட்டது. அதே மாநிலத்தில் 1908 இல் தொடங்கிய கொன்வேர்ஸ் என்ற இறப்பர் சப்பாத்துக் கம்பனி, 1917 இல் 'ஓல் ஸ்டார்' என்ற சப்பாத்தைக் கொண்டுவந்தது. மேலே கன்வஸ் துணி, கீழே இறப்பர், கணுக்காலை மூடும் உயரம். அவ்வளவுதான்.

1921 இல் சக் டெய்லர் என்ற கூடைப்பந்து வீரர் அந்தக் கம்பனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். அவர் காரில் ஊர் ஊராகப் போனார். பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தார், கூடவே சப்பாத்தையும் விற்றார். 1930களில் அவருடைய கையெழுத்து சப்பாத்தின் கணுக்கால் வட்டத்தில் ஏறியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் அதை அணிந்து பயிற்சி செய்தார்கள். 1962 மார்ச் 2 ஆம் திகதி வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்து இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்தபோது அவர் காலில் இருந்ததும் கொன்வேர்ஸ்தான்.

இதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1970களில் தோல் சப்பாத்துகள் வந்தன. கன்வஸ் துணி மைதானத்தில் தோற்றுப்போனது. சாதாரணமாக அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மைதானம் கைவிட்ட சப்பாத்தைத் தெரு எடுத்துக்கொண்டது. விலை குறைவு என்பதால் மாணவர்களும் கையில் காசில்லாத ரொக் இசைக்காரர்களும் லொஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களும் அதை வாங்கினார்கள். பாடகர் கேர்ட் கோபேன் அதைப் போட்டார். 2020 தேர்தல் மேடைகளில் கமலா ஹாரிஸ் போட்டார். சென்னையில் பிறந்த ஒரு தமிழ்த் தாயின் மகள் அமெரிக்காவின் உப ஜனாதிபதியாகப் போகும்போது, உயர்குதிச் சப்பாத்தை விட்டுவிட்டு 'நானும் உங்களில் ஒருத்தி' என்று காட்டுவதற்கு அந்தப் பழைய கன்வஸ்தான் உதவியது.

கம்பனியின் நிலை வேறு. கொன்வேர்ஸ் 2001 இல் வங்குரோத்தானது. அமெரிக்காவில் இருந்த தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2003 இல் நைக்கி சுமார் 30 கோடி டொலருக்கு அதை வாங்கியது. கம்பனி விழுந்த பின்னும் சப்பாத்து விழவில்லை.

நாடா இல்லாத சப்பாத்து

அடிடாஸ் 'சூப்பர்ஸ்டார்' 1969 இல் வந்தது. தோலால் செய்தது. முன்பக்கத்தில் சிப்பி ஓடு போல ஒரு இறப்பர் மூடி. கரீம் அப்துல் ஜபார் போன்ற பெரிய வீரர்கள் அணிந்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் புதிய சப்பாத்துகள் வந்து அதையும் மைதானத்திலிருந்து தள்ளின.

அப்போது நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஹொலிஸ் என்ற இடத்திலிருந்து மூன்று கறுப்பின இளைஞர்கள் வந்தார்கள். ரன் டி.எம்.சி என்பது அவர்களுடைய ரப் இசைக்குழுவின் பெயர். அவர்கள் மேடைக்கென்று தனி உடுப்புப் போடவில்லை. தங்கள் தெருவில் பையன்கள் எப்படி உடுத்தினார்களோ அப்படியே மேடை ஏறினார்கள். கறுப்புத் தொப்பி, கறுப்பு ஜக்கெட், காலில் சூப்பர்ஸ்டார். சப்பாத்தில் நாடா இல்லை.

நாடா இல்லாததற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அமெரிக்கச் சிறைகளில் கைதிகளின் சப்பாத்து நாடாவை வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியே வந்தவர்கள் அப்படியே நடந்த பழக்கம் தெருவின் பாணியாக மாறியது. அதனால் அப்படிச் சப்பாத்துப் போட்ட பையன்களை எல்லாம் குற்றவாளிகளாகப் பார்க்கும் பேச்சும் இருந்தது. குவீன்ஸைச் சேர்ந்த ஒரு மருத்துவர் அதையே கண்டித்து ஒரு பாட்டும் வெளியிட்டார். அதற்குப் பதிலாகத்தான் ரன் டி.எம்.சி 1986 இல் 'மை அடிடாஸ்' என்ற பாட்டைப் பாடியது. இந்தச் சப்பாத்தைப் போட்டவன் திருடன் இல்லை, அவன் உழைக்கிறான், மேடை ஏறுகிறான், நல்லது செய்கிறான் என்பதுதான் அதன் சாரம்.

அந்த ஆண்டு ஜூலையில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில் பாடும்போது, சப்பாத்தைக் கழற்றி உயர்த்திப் பிடிக்கும்படி கூட்டத்திடம் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான சப்பாத்துகள் மேலே போயின. அழைக்கப்பட்டு வந்திருந்த அடிடாஸ் அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு வீரர் அல்லாத ஒரு இசைக்குழுவோடு அடிடாஸ் ஒப்பந்தம் செய்தது அதன் பிறகுதான். மதிப்பைத் தெரு உண்டாக்கியது. கம்பனி பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

எந்த உடுப்பைப் போட்டால், எந்த ஊர்ப் பெயரைச் சொன்னால், எந்த வயதில் இருந்தால் சந்தேகப் பார்வை விழும் என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். அதனால் அந்த அரங்கில் உயர்ந்த கைகளை என்னால் வெறும் நாகரிகமாகப் பார்க்க முடியவில்லை.

தடை என்ற கதை

1984 இல் சிக்காகோ புல்ஸ் அணிக்கு வந்த 21 வயது ஜோர்டானுக்கு நைக்கி பிடிக்காது. அவர் விரும்பியது அடிடாஸை. அம்மா டெலோரிஸ் வற்புறுத்தியதால்தான் நைக்கியின் கூட்டத்துக்கே போனார். அன்று நைக்கி ஓட்டச் சப்பாத்துக்குப் பெயர்போன கம்பனி, கூடைப்பந்தில் பின்னுக்கு நின்றது. ஒரு புதிய வீரருக்கு அவர் பெயரிலேயே ஒரு சப்பாத்து வரிசையை அது தருவதாகச் சொன்னது. பீற்றர் மூர் வடிவமைத்தார். கறுப்பும் சிவப்பும்.

அணி வீரர்களின் சப்பாத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, அந்த நிறங்கள் கூடாது என்று என்.பி.ஏ நிர்வாகம் சொன்னது. 1985 பெப்ரவரியில் நைக்கிக்குக் கடிதமும் எழுதியது. நைக்கி அதையே விளம்பரமாக்கியது. ஜோர்டான் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பார். கமரா கீழே இறங்கும். சப்பாத்தின் மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள் விழும். இதை என்.பி.ஏ வெளியே எறிந்துவிட்டது, ஆனால் நீங்கள் போடுவதை அவர்களால் தடுக்க முடியாது என்று ஒரு குரல் சொல்லும்.

ஊடகக் கல்வி படித்த காலத்தில் இந்த விளம்பரத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதன் கெட்டித்தனம் எனக்கு அப்போது விளங்கவில்லை. உண்மையில் பிரச்சினைக்குள்ளானது 'எயார் ஜோர்டான் 1' அல்ல, அதற்கு முன்பு அவர் அணிந்திருந்த 'எயார் ஷிப்' என்ற வேறொரு சப்பாத்து என்று பின்னாளில் படங்களை ஒப்பிட்டவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 5000 டொலர் தண்டம் கட்டப்பட்டது என்ற கதையும் அந்த விளம்பரத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான். ஒரு நிறுவனத்தின் உடை விதி, அடக்குமுறைக்கு எதிரான எழுச்சியாக விற்கப்பட்டது. விலை 65 டொலர். முதல் ஆண்டிலேயே 12 கோடி 60 இலட்சம் டொலருக்கு விற்றது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஆனால் விற்பனை மட்டும் ஒரு பொருளை நிலைக்க வைப்பதில்லை. இரண்டாவது பருவத்தில் ஜோர்டானின் கால் முறிந்தது, 64 ஆட்டங்களை இழந்தார். கடைகளில் தேங்கிய சப்பாத்துகள் மலிவு விலைக்கு வந்தன. அவற்றை ஸ்கேட்போர்ட் ஓட்டும் பையன்கள் வாங்கினார்கள். உயரமும் தடித்த தோலும் அவர்களுடைய கணுக்காலுக்கு வசதியாக இருந்தன. கூடைப்பந்தோடு சம்பந்தமில்லாத ஒரு கூட்டத்துக்குள் சப்பாத்து போனது இப்படித்தான். 1988 இல் ரிங்கர் ஹட்ஃபீல்ட் வடிவமைத்த மூன்றாவது ஜோர்டான் சப்பாத்தில் அந்தப் பறக்கும் மனித உருவம் ஏறியது. இயக்குநர் ஸ்பைக் லீ தன்னுடைய 1986 ஆம் ஆண்டுப் படத்தில் தானே நடித்த மார்ஸ் பிளக்மன் என்ற பாத்திரத்தை ஜோர்டானோடு விளம்பரங்களில் கொண்டுவந்தார். கறுப்பின நகர வாழ்க்கையின் பேச்சும் நகைச்சுவையும் அந்தச் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டன.

திரும்பிக் கேட்டவர்கள்

நான் சொல்ல வருவதற்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல சான்று 'எயார் ஃபோர்ஸ் 1'. புரூஸ் கில்கோர் வடிவமைத்து 1982 இல் வந்தது. அடிப்பாகத்துக்குள் காற்றுப் பை வைத்த நைக்கியின் முதல் கூடைப்பந்துச் சப்பாத்து. வழமைபோல இரண்டு ஆண்டுகளில் நைக்கி அதை நிறுத்திவிட்டு அடுத்த சப்பாத்துக்குப் போகப் பார்த்தது.

பால்டிமோர் நகரத்துப் பிள்ளைகள் விடவில்லை. கடைகளுக்கு வந்து அதையே கேட்டார்கள். அந்த நகரின் மூன்று சப்பாத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து நைக்கியிடம் போய், இன்னும் செய்து தாருங்கள், முழுவதையும் நாங்கள் வாங்குகிறோம் என்றார்கள். புதிய நிறங்களில் வந்தவை உடனே விற்றுத் தீர்ந்தன. பக்கத்து நகரங்களிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்து வாங்கினார்கள். ஹார்லெமில் அதற்கு 'அப்டவுன்' என்று சொந்தப் பெயரே வைத்தார்கள், எங்கள் 'பாட்டா' போல. நிறுத்திய பொருளை மறுபடி செய்து விற்கலாம் என்று நைக்கிக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பிள்ளைகள்தான். இன்று உலகம் முழுவதும் நடக்கும் 'ரெட்ரோ' வியாபாரத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2006 இல் ஸ்டீஃபன் மாபுரி என்ற வீரர் 14 டொலர் 98 சதத்துக்கு 'ஸ்டாபுரி' என்ற சப்பாத்தைக் கொண்டுவந்தார். நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் குடியிருப்பில் வறுமையில் வளர்ந்தவர் அவர். ஏழைப் பிள்ளைகளும் ஒரு வீரரின் சப்பாத்தைப் போட வேண்டும் என்று நினைத்தார். தானும் அதையே போட்டு விளையாடினார். நன்றாக விற்றது. ஆனால் அதை விற்ற கடைத்தொடர் 2008 இல் வங்குரோத்தானது, சப்பாத்தும் கடைகளிலிருந்து போய்விட்டது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த சப்பாத்து அதுதான். நல்ல நோக்கம் மட்டும் போதாது. மக்கள் தங்கள் கதைகளை அதன்மேல் எழுதி முடிக்கும் வரையாவது அது கடையில் இருக்க வேண்டும். அந்த நேரம் பணமுள்ளவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

விலை கொடுத்தவர்கள்

1989 இல் மேரிலண்ட் மாநிலத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் அவனுடைய ஜோர்டான் சப்பாத்துக்காகக் கொலை செய்யப்பட்டான். அடுத்த ஆண்டு 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட்' சஞ்சிகை இப்படியான சம்பவங்களை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. ஒரு பொருளுக்கு மனிதனைவிட மதிப்பு ஏற்றிவிட்டால் அதற்கு யாரோ ஒரு தாய் விலை கொடுக்கிறாள்.

செய்த கைகளும் இருக்கின்றன. 1992 இல் 'ஹார்ப்பர்ஸ்' சஞ்சிகையில் ஜெஃப் பலிஞ்சர், நைக்கி சப்பாத்துத் தைத்த இந்தோனேசியப் பெண் ஒருவரின் சம்பளத் துண்டைப் பிரசுரித்தார். ஒரு மணித்தியாலத்துக்கு 14 அமெரிக்க சதம். அடிமைக் கூலி, கட்டாய மேலதிக வேலை என்பவற்றோடு தங்கள் பொருளின் பெயர் சேர்ந்துவிட்டதை 1998 மே மாதம் நைக்கியின் தலைவர் ஃபில் நைட் பொதுவில் ஒப்புக்கொண்டு மாற்றங்களை அறிவித்தார். இன்று தமிழ்நாட்டின் செய்யாறில், தாய்வானின் ஃபெங் டே குழுமத்தின் தொழிற்சாலையில் தமிழ்ப் பெண்களின் கைகளும் நைக்கி சப்பாத்துத் தைக்கின்றன. போருக்குப் பின் கிளிநொச்சியில் திறந்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலை பஸ் ஏறும் எங்கள் பெண்களுக்கு இந்த வேலை எப்படியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

2023 நிதியாண்டில் ஜோர்டான் பெயரில் மட்டும் நைக்கிக்கு வந்த வருமானம் சுமார் 660 கோடி டொலர். அதே ஆண்டு ஏப்ரலில், 1998 இறுதிச் சுற்றில் ஜோர்டான் போட்ட ஒரு சோடி, ஏலத்தில் 22 இலட்சம் டொலருக்குப் போனது. நைக்கியும் அடிடாஸும் தங்கள் பழைய சப்பாத்துகளைப் பாதுகாக்கக் காப்பகங்களே வைத்திருக்கின்றன. தெருவில் பிறந்த நினைவு இப்போது கம்பனியின் சொத்து. அதைத் தந்தவர்கள் வரிசையில் நின்று திரும்ப வாங்குகிறார்கள்.

எங்கள் ஒரு சோடி

ஏ9 பாதை திறந்திருந்த காலம், 2003. ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன் என் அண்ணாவுக்கு ஒரு சோடிச் சப்பாத்துக் கொண்டுவந்தார். கறுப்பும் சிவப்பும். ஸ்காபரோவில் வளர்ந்த அவருக்கு ரொறன்ரோ ரப்ரர்ஸ் அணியும் அதில் விளையாடிய வின்ஸ் கார்ட்டரும் உயிர். புதிய நாட்டில், நிறத்தையும் உச்சரிப்பையும் வைத்து ஒதுக்கிய பள்ளிக்கூடத்தில், கூடைப்பந்து மைதானம்தான் தனக்கு இடம் தந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அண்ணாவுக்கு அவர் கொண்டுவந்தது அந்த இடத்தில் ஒரு பங்கு.

வெள்ளை பூசிய கன்வஸ் சப்பாத்தும் பாட்டாவும் மட்டும் தெரிந்த ஊரில் அது பெரிய அதிசயம். அண்ணாவும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் கரப்பந்துப் போட்டிகளுக்கு அதை மாறி மாறிப் போட்டார்கள். ஒருவருக்குப் பெரிது, பேப்பர் அடைத்துப் போடுவார்.

2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது அம்மா சட்டி பானையை எடுக்கச் சொன்னார். அண்ணா அந்தச் சப்பாத்தை உரப்பையில் சுற்றி, வேறு சாமான்களோடு விசுவமடுவில் புதைத்தார். மீளக்குடியமர்ந்த பிறகு போய்த் தோண்டினார். தோல் உக்கிவிட்டது. இறப்பர் அடி மட்டும் இருந்தது. மூன்று பேரில் பேப்பர் அடைத்துப் போட்டவர் முள்ளிவாய்க்காலில் இருந்து வரவில்லை.

இந்தக் கட்டுரைக்காக அண்ணாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அது எந்த வகைச் சப்பாத்து என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. "அது சப்பாத்துக்காக இல்லையடி. அதுக்குள்ள மூண்டு பேற்றை கால் இருந்தது" என்றார். இறப்பர் அடியை இன்னும் வைத்திருக்கிறார்.

ரொறன்ரோவில் பாட்டா சப்பாத்து அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் செருப்புக்குப் பெயர் தந்த அதே பாட்டா குடும்பத்தைச் சேர்ந்த சோனியா பாட்டா தொடங்கியது, 1995 இல் திறந்தது. 2013 இல் அங்கே ஸ்னீக்கர்ஸின் வரலாற்றை வைத்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சப்பாத்துகள், பக்கத்தில் யார் போட்டது, எப்போது போட்டது என்று எழுதிய அட்டைகள். பெரியப்பாவின் மகன் போய்ப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பினார்.

முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்த பாட்டாக்களின் படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு அட்டை எழுத யாரும் வரவில்லை. சப்பாத்து என்ன விலை, என்ன வடிவம் என்பதெல்லாம் பிறகுதான். அதை யார் போட்டார் என்று சொல்ல ஒருவர் மிஞ்சியிருக்கும்வரை அது நினைவுப் பொருள். நைக்கியிடம் அதற்குக் காப்பகம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது அண்ணாவின் அலுமாரி போன்ற இடங்கள்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், அது யாருடையது என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள்.